ஃபெர்மின் பெகேரோவின் கால்களுக்கு நடுவே போன பந்து

பேஸ்பால் மைதானத்தின் மூன்றாம் தளத்தில் காவல் நின்ற ஃபெர்மின் பெகேரோவின் கால்களுக்கு நடுவே புகுந்து போன பந்து இன்றுவரை உருண்டுகொண்டிருக்கிறது. அது குளிர்கால லீக்கின் இறுதி ஆட்டம், கடைசிச் சுற்று. குழந்தைகூடக் குனிந்து எடுத்துவிடும் மந்தமான பந்து. நாட்டிலேயே கைசுத்தமான மூன்றாம் தளக்காரர் என்று பெயர் வாங்கியவர் அதை விட்டார், கோப்பை போயிற்று. வேறு யாராவது விட்டிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்போம். பந்து மைதானச் சுவருக்கு அடியில் நுழைந்து வெளியேறி, கரும்பு ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் ஆட்டத்தை விட்டு ஊர் திரும்பிய வாரமே எங்கள் ஊரான சாந்தா ருஃபினாவுக்கு வந்து சேர்ந்தது. சர்க்கரை ஆலைச் சங்கு ஊதியதும் கடைத்தெரு வழியாக வரும், கரும்புக்காட்டுக்குள் போகும், மறுநாள் மறுபடி வரும்.

அதே மாதம் ஃபெர்மின் வீட்டுத் தகரக் கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டார். எங்கள் ஊரில் கான்கிரீட் போடுகிறவன் பணம் அனுப்ப நியூயார்க்கில் ஒரு தங்கையையாவது கைவசம் வைத்திருக்க வேண்டும். இவருக்குத் தங்கை இல்லை. "சேர்த்து வச்சது" என்றார்.

"சேர்த்து வச்சானாம்!" என்றான் முடிதிருத்தும் திபூர்சியோ, டொமினோ கட்டையை மேசையில் அறைந்து. "ஆட்டத்த வித்துட்டான் பங்காளி. நம்ம கோப்பைதான் அங்க கம்பி கட்டி நிக்குது, பாரு."

ஊர்ப் பேச்சை ஃபெர்மின் தாங்கிக்கொண்டார். மனைவி நெரெய்டா ஒன்றுமே பேசாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. புதுக் கூரையின் கீழ் ஒரு நாளும் தூங்கமாட்டேன் என்பதுபோல், பின்பக்கத்துத் தகரச் சமையலறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டார் நெரெய்டா. மழை நாட்களில் அங்கே பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடிக்கும் சத்தம் தெருவரை கேட்கும்.

ஃபெர்மின் பழைய கையுறையை மாட்டிக்கொண்டு தினமும் தெருவில் குனிந்து நின்றார். பந்து அதே இடைவெளியில் போயிற்று. பிறகு ஊரே முயன்றது. பாதிரியாரின் அங்கிக்குள் முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வந்தது. திபூர்சியோ முழங்கால்களை ஒட்டவைத்து மண்டியிட்டான். பந்து எதிரே நின்று காத்திருந்து, அவன் கொசுக்கடியைச் சொறிந்த நேரம் பார்த்துப் புகுந்தது. இதற்குப் பிறகாவது ஃபெர்மின் மேலிருந்த பழி நீங்கியிருக்க வேண்டும். "பந்தப் பழக்கி வச்சிருக்கான்" என்றுதான் முடிவு கட்டினோம்.

அவருக்கு முழங்கால் மடங்காமல் போன வருடம், பந்து தெருவை விட்டு விலகி அவர் முற்றத்துக்குள் வந்து காலடியில் நின்றது. வேலி முழுக்க ஆட்கள். அவர் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

"எடுய்யா!" என்றான் திபூர்சியோ.

"எடுத்தா, அன்னைக்கே எடுத்திருக்கலாமேம்ப. எடுக்கலைன்னா, இன்னைக்கும் விட்டுட்டான்ம்ப."

நெரெய்டா துடைப்பத்தோடு சமையலறையிலிருந்து வந்தார். "அவங்க கெடக்கட்டும். ஆட்டத்த வித்தியா?"

"இல்ல."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே, நெரெய்டா." அழுதுவிட்டார் மனிதர்.

நெரெய்டா கோழியை விரட்டுவதுபோல் பந்தைத் துடைப்பத்தால் வாசலுக்கு வெளியே தள்ளினார். அது உருண்டு போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு என்று திபூர்சியோ முணுமுணுத்தான். நெரெய்டா நம்பினாரா என்பது எங்களுக்கு இன்றும் உறுதியில்லை. அன்று மழை வேறு இருட்டிக்கொண்டு நின்றது. சமையலறைக்குப் போய்க் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு அவர் சொன்னது மட்டும் வேலியில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது.

"அந்தப் பக்கம் பிடி. இதையாவது விட்டுடாத."

ஃபெர்மின் பிடித்தார். கட்டில் கான்கிரீட் கூரைக்குக் கீழே போயிற்று. மறுநாள் சங்கு ஊதியதும் பந்து வந்தது. கடைவாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தாமல் காலை அகட்டி வழிவிட்டார்கள்.