நல்லதாக நாலு வரி

முதலாளியைத் திட்டினால் பெட்டி ஓடுகிறது, திட்டாவிட்டால் படுத்துக்கொள்கிறது. இந்தக் கூத்தை ரலித்சா எந்தச் சாமியிடம் போய்ச் சொல்லுவாள்?

ப்ளோவ்திவ் நகரத்தில், லிஃப்டை ஓட்டும் கணினிப் பெட்டிகள் செய்கிற சின்னக் கம்பெனி அது. பழைய சிப்பில் பன்னிரண்டு வருஷம் சமர்த்தாக ஓடிய இயங்குதளத்தைப் புதுச் சிப்புக்கு மாற்றுவது அவள் வேலை. மூன்று வாரம் பெட்டி கண்ணே திறக்கவில்லை. எதுவரை ஓடி எங்கே சாகிறது என்று பார்க்க, நடுவில் திரையில் ஏதாவது எழுதிக் காட்டச் சொல்வது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். இவள் எரிச்சலில் முதலாளி கரம்பிலோவைத் திட்டி நாலு வரி எழுதிவைத்தாள். என்ன மாயமோ, அன்றைக்கே பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது!

இன்று பதினொரு மணிக்கு, வாங்குகிறவர்கள் தெசலோனிக்கியிலிருந்து வருகிறார்கள். பெட்டி ஓடாவிட்டால் இந்தப் பிரிவையே இழுத்து மூடிவிடுவதாகக் கரம்பிலோவ் சொல்லியாயிற்று. பத்து மணிக்கு அவள் அந்த நாலு வரியை அழித்தாள். பெட்டி செத்தது. திரும்பப் போட்டாள், ஓடியது.

“அப்படியே விட்டுத் தொலையேன்” என்றான் பக்கத்து மேஜை மோம்ச்சில்.

“வர்றவங்க முன்னாடி முதலாளியைக் கஞ்சப் பிசினாறின்னு காட்டவா? எனக்கு வேலை வேணும்டா.”

“அப்போ திட்டுக்குப் பதிலா கம்பெனியைப் பத்தி நல்லதா நாலு வரி எழுது. பெட்டிக்குப் படிக்கவா தெரியும், நீளம்தானே முக்கியம்?”

யோசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ‘நல்வரவு’ என்று தொடங்கி, கம்பெனி பெயரைப் போட்டார்கள். அப்புறம் இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

“குளிருக்கு ஹீட்டர் வெச்சிருக்காங்கன்னு போடலாமா?”

“அது வந்த நாள்லேர்ந்தே ஓடலையே.”

“காபி?”

“அதை நீ வாயில வெச்சுப் பார்த்திருக்கியா?”

பத்தரை ஆகியும் ஒன்றரை வரியைத் தாண்டவில்லை. ஒன்றரை வரிக்குப் பெட்டி முனகக்கூட இல்லை. ரலித்சாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரம்பிலோவ் உள்ளே வந்தார்.

“என்னம்மா, ஆச்சா?”

“சார், தொடக்கத்துல காட்ட கம்பெனியைப் பத்தி நல்லதா நாலு வரி வேணும். வர மாட்டேங்குது.”

“அட, இதுக்கா முழிக்கிறீங்க? எழுதிக்கோ!”

மனுஷன் உட்காரவில்லை, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. கம்பெனி முதல் வரியோடு சரி. அப்புறம் கரம்பிலோவின் தொலைநோக்கு, கரம்பிலோவின் தியாகம், கரம்பிலோவின் எளிமை.

“நாலு போதும் சார்.”

“குறுக்கே பேசாதே.”

பதினொரு வரி! பெட்டி துள்ளி எழுந்தது. வந்தவர்கள் திரையைப் படித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனாலும் நானூறு பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

சாயங்காலம் நிம்மதியாக உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. மெமரி தூக்கம் கலைந்து எழக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பழைய சிப் மெதுவாக வரும், அதற்குள் மெமரி எழுந்துவிடும். புதுச் சிப் அவசரக்குடுக்கை, முந்திப்போய்க் கதவைத் தட்டிவிட்டு, பதில் வரவில்லையென்று செத்துப்போகிறது. திரையில் எழுதுகிற நேரம்தான் அதைப் பிடித்துவைத்திருந்தது. கொஞ்சம் பொறு என்று ஒரே ஒரு கட்டளை போதும். அதைப் போட்டு, பதினொரு வரியையும் எடுத்துவிட்டு ஓட்டினாள். பெட்டி அழகாக ஓடியது. முதலாளி அறைக்கு ஓடினாள்.

“சார், காரணம் கிடைச்சிருச்சு! அந்த வரியெல்லாம் இனிமே தேவையில்லை.”

கரம்பிலோவ் கண்ணாடியைக் கழற்றினார். “நம்ம தொழில்ல முதல் பாடம் என்னம்மா?”

“ஓடுறதைத் தொடாதே.”

“அப்புறம் ஏன் தொடுறே?”

நானூறு பெட்டியையும் ஒவ்வொன்றாக ஓட்டி, திரும்பப் போட்ட பதினொரு வரியையும் திரையில் கடைசி எழுத்துவரை படித்துச் சரிபார்த்து அனுப்ப வேண்டியவள் ரலித்சாதான். முதல் பெட்டியை மேஜையில் வைத்து, பொத்தானை அழுத்தி, படிக்க ஆரம்பித்தாள்.