கறுப்புத் துணிக்குள் சூரியகாந்தி

எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஒருவழிப்பாதை. வேர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், அது தண்டு வழியாக இலைக்குப் போகும், இலை அதைக் காற்றில் விடும், திரும்பி வருகிற பேச்சே கிடையாது என்று அவர் காலம் காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழுதிய பாடப்புத்தகத்தைப் படித்துத்தான் நானும் தேர்வு எழுதினேன். மதிப்பெண் வந்தது, விஷயம் மட்டும் செரிக்கவில்லை. குழாய் என்றால் இரண்டு பக்கமும்தானே தண்ணீர் போகும்? இதை ஒரு கூட்டத்தில் கேட்டுவைத்த பாவத்துக்கு, ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில் கடைசி மூலையை எனக்கு ஒதுக்கினார்கள்.

அங்கேதான் என் பெட்டிகள் நின்றன. இடுப்பு உயரம், முன்பக்கம் கண்ணாடி. மேல் பாதியில் காய்ந்த மண், கீழ்ப் பாதியில் ஈர மண், நடுவே மெல்லிய மெழுகுத் தகடு. மெழுகைத் தண்ணீர் தாண்டாது, வேர் மட்டும் துளைத்துக்கொண்டு இறங்கும். பெட்டிக்கு ஒரு சூரியகாந்தி. என் சந்தேகம் இவ்வளவுதான்: இருட்டியதும் இலை தண்ணீர் விடுவதை நிறுத்திவிடும். அப்போது வேர் கீழே குடித்த தண்ணீரை மேலே இருக்கும் காய்ந்த மண் இழுத்துக்கொள்ளும். அது உண்மையானால், மேல் மண்ணில் குத்தி வைத்திருக்கும் ஈரமானி ராத்திரியில் ஏறி, பகலில் இறங்க வேண்டும்.

இரண்டு பருவம் அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. மூன்றாவது பருவத்தில் செடிகளை இன்னும் பெரிதாக வளரவிட்டு, பிறகு மேல் மண்ணுக்குத் தண்ணீரை நிறுத்தினேன். இலைகள் வாடித் தொங்கின. போகிறவர் வருகிறவரெல்லாம் என்னைக் கொலைகாரியைப் போலப் பார்த்தார்கள்.

அந்த வாரம்தான் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. இயக்குநர் என் மூலைக்கே வந்தார்.

"என்னம்மா இது, சுடுகாடு மாதிரி இருக்கு? குழு வரும்போது அசிங்கமா இருக்கும். செடிக்கு ஒரு குவளை தண்ணி ஊத்திவிடு."

"ஊத்தினா பரிசோதனையே போச்சு சார்."

"இருந்தாத்தானே போறதுக்கு?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை.

மறுநாள் காலை வந்து பார்த்தால், முதல் பெட்டியின் ஈரமானி எகிறியிருந்தது. நான் எதிர்பார்த்தது மயிரிழை ஏற்றம். இதுவோ யாரோ நிதானமாக நின்று குவளையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நடைபாதையில் பத்துப் பேர் முன்னிலையில் அவரை மறித்துக் கேட்டேன்.

"ஆளை விட்டுத் தண்ணி ஊத்தச் சொன்னீங்களா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்கிற காரியம் அது.

"நான் சொல்லலை. யாரும் ஊத்தலை. ஏறணும்னு யாருக்கும்மா அவசரம்? எனக்கா, உனக்கா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நானே தண்ணீர் ஊற்றிவிட்டு முடிவு வந்ததாகக் காட்டப் பார்க்கிறேனாம். என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லியிருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். பொய்க்காரி என்று அதுவரை எவரும் சொன்னதில்லை.

அறைக்குள் கூப்பிட்டுக் குரலைத் தணித்தார். "கருவியில பிழைன்னு குழுகிட்ட நீயே சொல்லிடு. உரப் பிரிவுல இடம் போட்டுத் தர்றேன். இல்லேன்னா விசாரணைதான். அதுக்கப்புறம் எந்த ஊர்லயும் எவனும் உன்னை ஆய்வகத்துக்குள்ள விடமாட்டான்."

திரும்பி வந்து பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்தேன். அழத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கண்ணாடிக்கு நேரே முகம் இருந்ததால் பார்க்கவும் வேண்டியதாயிற்று. மண்ணின் மேல்பரப்பு புழுதியாகக் கிடந்தது. விரலை வைத்தேன், பொடிதான் ஒட்டியது. அதற்குக் கீழே, வேர் ஓடிய இடங்களில் மட்டும் மண் கறுத்து ஈரமாக இருந்தது. மேலே ஊற்றிய தண்ணீர் மேல்பரப்பை நனைக்காமல் எப்படி உள்ளே போகும்?

யாரும் ஊற்றவில்லை. நான் மூன்று பருவமாகக் காத்திருந்தது வந்து நிற்கிறது, நான் அதைத் திருட்டு வேலை என்று நினைத்து ஊரைக் கூட்டியிருக்கிறேன். தோற்றுத் தோற்றுப் பழகியவளுக்கு ஜெயித்தது அடையாளம் தெரியவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அக்கா வீட்டில்தான் எனக்கு ஜாகை. அக்கா திரைச்சீலை தைப்பவள். மாலையில் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே முழுக் கதையையும் கேட்டாள்.

"பிழைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்டி. உரமும் மண்ணுலதானே போடுறாங்க?"

"நான் ஏமாத்தினேன்னு சொல்றார்க்கா."

இயந்திரம் நின்றது. "அப்படியா சொன்னான்?" அதுவரை 'அவர்' ஆக இருந்தவர் அக்காவின் வாயில் அந்த நொடியில் 'அவன்' ஆனார். "அப்ப விடாதே. ஆனா எப்படி நிரூபிப்பே? ராத்திரியில நடக்குறதை அவன் வந்து பார்க்கவா போறான்?"

அவள் மடியில் கனமான கறுப்புத் துணி கிடந்தது. யாருக்கு என்று கேட்டேன். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் நர்ஸ்களுக்காம். "இதை மாட்டிட்டா மத்தியானமும் நடுராத்திரிதான்" என்றாள்.

நான் துணியை அவள் மடியிலிருந்து இழுத்தேன்.

"ஏய், அது கஸ்டமர் துணி."

"நாளைக்கு ஒரு நாள் சூரியகாந்தி தூங்கட்டும்க்கா."

மறுநாள் காலையிலேயே குழு வந்தது. மூன்று பேர். தலைவி நரைத்த கிராப்பு வைத்த ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். இயக்குநர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், சொல்லு என்கிற மாதிரி. நான் எழுந்தேன்.

"கருவியில பிழை இல்லை. நான் தண்ணி ஊத்தினதா சார் சொல்றார். இப்ப உங்க எல்லார் முன்னாலயும் பட்டப்பகல்ல செடிக்குத் துணி போட்டு ராத்திரியாக்கி, தண்ணி ஊத்தாமலே ஈரமானியை ஏத்திக் காட்டுறேன். எந்தப் பெட்டின்னு அவரே காட்டட்டும்."

"மெழுகுல ஓட்டை இருந்தா எந்தப் பெட்டியிலயும் ஏறத்தான் செய்யும்" என்றார் இயக்குநர்.

"ஓட்டைன்னா துணி போட்டாலும் ஏறும், போடலேன்னாலும் ஏறும் சார். போட்டா ஏறி, எடுத்தா இறங்கினா அது ஓட்டையில்லை, வேர்."

தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "காட்டுங்க" என்றார் இயக்குநரிடம்.

அவர் இருந்ததிலேயே மோசமான செடியைக் காட்டினார். பாதி இலை பழுத்து, கழுத்து ஒடிந்த மாதிரி சாய்ந்திருந்தது. செடியின் தலையிலிருந்து தண்டின் அடி வரை அக்காவின் துணியைப் போர்த்திக் கட்டினேன். மண்ணின் மேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காரச் சொன்னேன் இயக்குநரை. ஒரு சொட்டு விழுந்தாலும் அவர் கைமேல்தான் விழ வேண்டும்.

ஈரமானியில் எண் நகரவில்லை. தேநீர் வந்தது, ஆறியது. குழுவில் ஒருவர் கொட்டாவியை மென்று விழுங்கினார். இயக்குநர் இடது கையால் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உரப் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்று என் மனம் கேவலமாகக் கணக்குப் போட்டது. மாடி எதுவானாலும் ஏறுவதில்லை என்று உடனே முடிவும் செய்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எழலாமா என்று யாரோ கேட்ட நேரத்தில் கடைசி இலக்கம் மாறியது. தலைவிதான் முதலில் பார்த்தார். அது மறுபடியும் மாறியது. அப்புறம் நிற்கவே இல்லை, பொறுமையாக ஏறிக்கொண்டே இருந்தது. இயக்குநர் கையைத் தூக்கி உள்ளங்கையைப் பார்த்தார். புழுதியாக இருந்தது.

"சரி" என்று எழுந்தார். "எனக்கு வேற ஒரு கூட்டம் இருக்கு."

"ஒரு நிமிஷம் சார். நீங்க ஆளை விட்டு ஊத்தினதா பத்துப் பேர் முன்னால கேட்டேன். அது தப்பு. மன்னிச்சிடுங்க. நீங்க என்னைச் சொன்னதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது மூக்கின்மேல்தான் இருந்தது. தலைவி பேனாவை மூடிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் அவசரப்பட்டுட்டேன்" என்றார் பெட்டியைப் பார்த்து.

"அவசரம் இல்லை சார். பொய்யின்னு சொன்னீங்க."

"பொய் இல்லை" என்றார். "அந்தப் பொண்ணு பொய் சொல்லலை."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். எனக்கு அவ்வளவு போதாது. நான் பொய்க்காரி இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். அவர் புத்தகம் தப்பு என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

"உட்காருங்க சார்" என்றேன். "பாதிதான் ஆயிருக்கு. துணியை எடுக்கப் போறேன், இனிமே இறங்கும். அதையும் பார்த்துட்டுப் போங்க."

முடிச்சை அவிழ்த்தேன். வெயில் இலைமேல் விழுந்தது. அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஈரமானியைப் பார்க்கத் தொடங்கினார்.