நேரா, மட்டமா?

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் தச்சர் மாமாங்கம் வாடகைக்கு விடும் மணவறைக்கு ஸ்காபரோவில் நல்ல கிராக்கி. தளபாடத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து அவரே இழைத்துச் செய்த மணவறை. நான்கு தூண்கள், வளைவு, இருக்கை, அடியில் கனத்த மரமேடை. கழற்றி அடுக்கினால் அவருடைய வான் வண்டிக்குள் அடங்காது. அதனால் கூட வேலை செய்யும் எட்வேட்டிடம், வானுக்குப் பின்னால் கொளுவி இழுக்க ஒரு பழைய ட்ரெயிலரை வாங்கினார்.

அந்த ட்ரெயிலரின் சில்லுகளுக்கு மின்சாரத்தில் இயங்கும் தனிப் பிரேக் இருந்தது. வானில் பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் அதுவும் பிடிக்க வேண்டும். எவ்வளவு பிடிப்பது என்று தீர்மானிக்க ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி பொருத்திப் பூட்டியாயிற்று. அதில் ஒரு சிறிய விளக்கு, திருப்புவதற்கு இரண்டு திருகுகள், கையால் தள்ளி ட்ரெயிலரை மட்டும் நிறுத்த ஒரு நெம்பு.

பெட்டியோடு வந்த தாளை வாசிப்பது அவருடைய மனைவி தெய்வநாயகியின் பொறுப்பு. மாலை வகுப்பில் ஆங்கிலம் படித்தவள் அவள்தான்.

றிச்மண்ட் ஹில்லில் யோகராணி என்ற பெண்ணுக்குக் கல்யாணம். அன்று காலை, டோர்செட் பார்க்கில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில் மணவறையை ஏற்றிவிட்டு, தெய்வநாயகி தாளை விரித்தாள்.

"வானை நேரா நிப்பாட்டட்டாம். பிரேக்கை மிதிச்சிக்கிட்டு, விளக்கு இலேசா எரியும் மட்டும் முதல் திருகைத் திருப்பட்டாம்."

மாமாங்கம் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே வானை நூல் பிடித்தாற்போல் நிறுத்தினார். திருகைத் திருப்பினார். விளக்கு மினுங்கியது.

"சரி, போவம்."

தெருவுக்கு வந்து முதல் சிக்னலில் அவர் பிரேக்கில் கால் வைத்ததும், பின்னாலிருந்து யாரோ மயிரைப் பிடித்து இழுத்த மாதிரி வான் வெட்டி நின்றது. தெய்வநாயகியின் மடியிலிருந்த பூப்பெட்டி கீழே விழுந்தது. அடுத்த சிக்னலிலும் அதே வெட்டு. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"என்னகா இது? சும்மா தொட்டாலே புடிக்குது!" என்றாள் தெய்வநாயகி.

"நீ வடிவா வாசிச்சியா, புள்ள?"

"வாசிச்சது சரி. நீங்கதான் கூடத் திருப்பிப் போட்டீங்க."

ஒரு பக்கத் தெருவில் திரும்பி, நடைபாதையோரம் மறுபடியும் நேராக நிறுத்தினார்கள். அவள் வாசித்தாள், அவர் திருப்பினார். அங்கே விளக்கை இலேசாக எரியவைக்கத் திருகை எதிர்ப்பக்கமாக வெகுதூரம் சுற்ற வேண்டியிருந்தது. ஒரே பெட்டி, ஒரே திருகு, ஒரே தாள். அரைமணித்தியாலத்துக்குள் என்ன மாறிப்போயிற்று? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இந்த முறை வெட்டு இல்லை. வான் வழுக்கிக்கொண்டு போனது. மாமாங்கத்தின் முகம் தெளிந்தது.

பேவியூ வீதியில் போகும்போது முன்னால் சிக்னல் சிவந்தது. மாமாங்கம் மிதித்தார். வான் மெதுவாகவில்லை. ட்ரெயிலர் தன் பாரத்தையெல்லாம் சேர்த்து முதுகில் முட்டித் தள்ளியது. குறுக்குத் தெருவில் ஒரு பஸ் நகரத் தொடங்கிவிட்டது.

"புடிக்குதில்ல! புள்ள, புடிக்குதில்ல!"

தெய்வநாயகி யோசிக்கவேயில்லை. உடம்பை வளைத்துக் கை நீட்டிப் பெட்டியின் நெம்பை ஒரே தள்ளாகத் தள்ளினாள். பின்னால் சில்லுகள் கிரீச்சிட்டன. வான் ஒரு உலுக்கு உலுக்கி, கோட்டைத் தாண்டி ஒரு முழத்தில் நின்றது. பஸ் அவர்களுடைய மூக்குக்கு முன்னால் உரசினாற்போல் போனது.

பச்சை விழுந்தபின் மாமாங்கம் ஊர்ந்து ஊர்ந்து போய் ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்துக்குள் ஏறினார். தெய்வநாயகி பெட்டியின் விளக்கைப் பார்த்தபடி சொன்னாள்:

"மிதிங்க பாப்பம்."

மிதித்தார். விளக்கு எரியவில்லை. செத்துப்போன மாதிரி இருந்தது. கழற்றி எறிந்துவிட்டு எட்வேட்டைக் கூப்பிடுவோம் என்று பொதுத் தொலைபேசியைத் தேடி அவர் வானை வட்டமாகத் திருப்பினார். தெருப்பக்கம் பார்த்தபடி நிறுத்தப் பிரேக்கை மிதித்ததும், விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"எரியுது! என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யல்ல. திருப்பின மட்டும்தான்."

"மறுகா திருப்புங்க."

கடைப்பக்கம் பார்த்தால் இருட்டு, தெருப்பக்கம் பார்த்தால் வெளிச்சம். பேய் பிடித்த பெட்டியோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. மழைத்தண்ணீர் வழிந்த கறை கடையிலிருந்து தெருவை நோக்கி நீண்டு கிடந்ததை அப்போதுதான் கண்டாள். தரை சரிவு. தாளை எடுத்தாள். அதில் இருந்த சொல் 'லெவல்'.

"இஞ்ச பாருங்க. லெவலா நிப்பாட்டட்டாம். நான் நேரா எண்டு சொல்லிப்போட்டன்."

மாமாங்கம் அவளை வெறித்துப் பார்த்தார். "மட்டமாவா?"

"ஓம். மட்டமா."

"அடி பொம்புள! முப்பது வரிசம் மட்டம் பாத்துத்தான் பொழைக்கிறன். ஒரு சொல்லு சொல்லியிருந்தா..."

ஏச வேண்டும்போல இருந்திருக்கும். ஆனால் பஸ் கண்ணுக்குள் நின்றதோ என்னவோ, சிரிப்புத்தான் வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். மேட்டுக்கு ஏறுகிற தரிப்பிடத்தில் ஒரு முறை, பள்ளத்தைப் பார்த்த தெருவில் ஒரு முறை. பெட்டிக்குள் ஊசலாடும் குண்டு ஒவ்வொரு சரிவிலும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கிறது; பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

தச்சு ஆயுதப் பெட்டியிலிருந்து நீர்மட்டக் கருவியை எடுத்துக்கொண்டு அவர் தரிப்பிடமெங்கும் அலைந்தார். கடையின் பின்புறத்தில் குமிழி நடுவில் நின்ற ஓர் இடம் கிடைத்தது. அங்கே வைத்துத் திருப்பினார்கள். இரண்டாவது திருகு பிடிப்பின் பலத்துக்கு. மெதுவாக ஓடவிட்டு, அவள் நெம்பைத் தள்ளத் தள்ள, சில்லு இறுகி இழுபடாத அளவுக்கு அதையும் வைத்தார்கள்.

மண்டப வாசலில் யோகராணியின் தாய் இராஜேஸ்வரி காத்துநின்றா. "என்ன அண்ணை, ஐயர் ரெண்டுதரம் கேட்டிட்டார்!" என்றா. மணவறை எழும்பியது. முகூர்த்தம் தப்பவில்லை. தெய்வநாயகி தூண்களில் பூச்சரம் சுற்றி முடித்தாள்.

மணவறையை மறுநாள் வரவேற்புக்கும் வைத்திருக்கக் கேட்டார்கள். வெறும் ட்ரெயிலரோடு திரும்பினார்கள். முதல் சிக்னலில் மாமாங்கம் மிதித்ததும் பின்சில்லுகள் இறுகி ஊளையிட்டன. நடைபாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இப்ப என்னகா?" என்றாள் அவள். "மட்டத்திலதானே வெச்சம்?"

"ஓம், மட்டம்தான்." அவர் தலையைச் சொறிந்தார். கண்ணாடியில் வெறும் ட்ரெயிலர் துள்ளிக்கொண்டிருந்தது. "பாரம் இல்ல புள்ள. அதாலயாக்கும்."

"ஆக்குமா, இல்ல அதாலதானா?"

"தெரியா."

இரண்டாவது திருகைக் கொஞ்சம் குறைத்தார். ஊளை நின்றது. அடுத்த சிக்னல் வரும்வரை இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.