தெரியுதா அண்ணி?

டிவியைப் பார்க்கக் கூடாது என்றான் பிரசாத். என் புருஷனைத் தேடுகிற டிவியை நான் பார்க்கக் கூடாதாம். வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொள்ளிடத்திலேயே போட்டிருப்பேன்.

ஆற்றில் வெள்ளம் வந்து இரண்டு நாள். ஆடு ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குள் போனவர் திரும்பவில்லை. நடுவில் இரண்டு மணல் திட்டுகள். மேற்கே உள்ளது மேடு, கிழக்கே உள்ளது தாழ்வு. இரண்டிலும் நாணல் ஆள் உயரம் நிற்கிறது, கரையிலிருந்து ஒரு மண்ணும் தெரியாது. தீயணைப்புப் படகு ஒன்றுதான். இருட்டுவதற்குள் இன்னும் ஒரே நடை, எந்தத் திட்டு என்று நிச்சயமாய்ச் சொன்னால் போகிறோம் என்றார்கள்.

பிரசாத் என் சின்ன மாமனார் மகன். பெரம்பலூரில் டிவி ரிப்பேர் கடை. தெர்மாகோலில் ஏரோப்ளேன் செய்து ரிமோட்டில் பறக்கவிடுகிற கிறுக்கு அவனுக்கு. அதன் மூக்கில் கேமரா வைத்து, அது பார்ப்பதைச் சின்ன டிவியில் பார்த்தே ஓட்டுவான். வேலையற்ற வேலை என்று நானே திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதை பைக்கில் கட்டிக்கொண்டு அவன் வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன்.

டிவியில் கண் வைத்து ஓட்டுகிறவனுக்கு ப்ளேன் வானத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் பக்கத்தில் ஒருவர் ப்ளேனை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். "தெரியுதா?" என்று கேட்பான். "தெரியுது" என்றால் மேலே போவான். "தெரியல" என்றால் அந்த நொடியே திருப்பிவிடுவான், அதற்கு மேல் ரிமோட் எட்டாது. ஒருமுறை தனியாக ஓட்டி கரண்டுக் கம்பியில் மாட்டியதிலிருந்து அவனுக்கு இது சட்டம். வழக்கமாகக் கூட நிற்கிற கூட்டாளிக்கு பஸ் கிடைக்கவில்லை. லீலாவதிக்குப் பருந்துக் கண் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாரே, நான்தான் நின்றேன்.

முதலில் மேற்கு, உடனே திரும்பி கிழக்கு, அவ்வளவுக்குத்தான் பேட்டரி என்றான்.

ப்ளேன் காக்கை அளவானது, பிறகு ஈ அளவு. தெரியுதா, தெரியுது. தெரியுதா, தெரியுது. கண்ணில் நீர் கோத்தது, இமைக்கவில்லை. அப்போது அவன் தனக்குத்தானே, நீலமா என்னமோ ஆடுது என்று முணுமுணுத்தான்.

அவர் துண்டு நீலம். திரும்பிவிட்டேன். எவள் திரும்பாமல் இருப்பாள்? டிவியில் நாணலுக்கு நடுவே நீலமாய் அசைந்தது.

"தெரியுதா அண்ணி?"

"தெரியுது, தெரியுது!"

அவன் கேட்டது ப்ளேனை. நான் சொன்னது என் புருஷனை. அவன் இன்னும் உள்ளே விட்டான். டிவியில் படம் புள்ளி புள்ளியாய்ச் சிதறி வெள்ளையானது. எந்தப் பக்கம் போகிறது என்று பதறினான். வானத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

நீலமாகப் பார்த்தேன், ஆள்தான் என்று சொல்ல முடியாது என்று படகுக்காரர்களிடம் இழுத்தான். வாயை மூடுடா என்றேன். அவரை நான் கண்ணால் கண்டேன் என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். படகு மேற்கே போனது.

திரும்பி வந்தபோது படகில் ஆடுகள்தான் இருந்தன. நட்டு வைத்த கொம்பில் துண்டு கட்டியிருந்ததாம், அதைச் சுற்றி ஆடுகளைக் கட்டியிருந்ததாம். ஆள் இல்லை. துண்டைக் கையில் கொடுத்தார்கள். நான் ஆடுகளை எண்ணினேன். ஏழு.

எங்களுடையது ஒன்பது.

பாவி மனுஷன். தாழ்ந்த திட்டிலிருந்து ஏழு ஆட்டை மேட்டுத் திட்டுக்கு ஏற்றிவிட்டு, மிச்சம் இரண்டுக்காகத் திரும்பப் போயிருக்கிறார். கிழக்குத் திட்டு என்று கத்தினேன். படகுக்காரர் காலில் விழுந்தேன். இந்த இழுப்பில் இருட்டில் போனால் நாங்களும் திரும்ப மாட்டோம், விடிந்ததும் போகிறோம் என்றார் அவர். தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். பிரசாத் வெறும் ரிமோட்டோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"தெரியுதா அண்ணி?" என்றான்.

"தெரியல" என்றேன்.