அப்பாவின் பல்செட்

"இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்புறம் தாடை இறுகிடும்மா. பல்செட் வெக்கணும்னா இப்பவே வெச்சாகணும்" என்றார் சவ வண்டியோடு வந்தவர். அப்பாவின் முகவாயை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். விரலை எடுத்ததும் வாய் மறுபடி திறந்துகொண்டது. கன்னங்கள் உள்ளே போய், மூக்கு மட்டும் துருத்திக்கொண்டு, யாரோ ஒரு கிழவர் படுத்திருந்தார்.

பல்செட் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. மகள் அங்கே மறுபடி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"செத்தவருக்கு எதுக்குடி பல்லு?" என்றான் அண்ணன். "வர்றவங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. அதைப் பாரு."

"பல்லு மாட்டாம வாசல் கதவைக்கூடத் திறக்கமாட்டார் அப்பா. இப்ப தெருவே வந்து இந்த வாயைப் பாக்கணுமா?"

"எண்பது வயசுக்கு மேல பல்லு இருந்தாத்தான் அதிசயமா பாப்பாங்க."

வயசு. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மூச்சு வாங்கியபோது டாக்டர் சொன்னது வயசு. சாப்பாடு இறங்காதபோது நர்ஸ் சொன்னதும் வயசு. சமூகப்பணிக் கல்லூரியில் முதுமை பற்றிய பாடத்தை நடத்துகிறவள் அவள். வருடா வருடம் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவாள்: கண்ணாடி எங்கே, காது மெஷின் எங்கே, பல்செட் எங்கே. ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் இவற்றைப் பத்திரத்துக்காக வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேச யாருக்கும் தோன்றாது என்பாள். அப்பாவைச் சேர்த்த அன்று டப்பாவில் பெயர் எழுதச் சொன்னாள். "எங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்றாள் நர்ஸ். "இங்கயும் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டியா?" என்றான் அண்ணன்.

மாணவிகள் கும்பலாக வந்தார்கள். ஒருத்தி முன்னால் வந்து அவள் கையைப் பிடித்து, தலையைச் சாய்த்து, "உங்க வேதனையை என்னால புரிஞ்சுக்க முடியுது மேடம். நீங்க பேசணும்னா நான் கேக்கத் தயாரா இருக்கேன்" என்றாள். தலைச் சாய்ப்பு உட்பட எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். கேட்கிறவருக்கு, சொல்கிறவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருக்கும் என்பது இன்றுதான் தெரிந்தது.

கையை உருவிக்கொண்டாள். "டவுட்டு எங்க?"

"களப்பயிற்சிக்குப் போயிருக்கா மேடம். அந்த ஆஸ்பத்திரிதான்."

வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்டு அந்தப் பெயரை வாங்கியவள், முதல் மணியிலேயே போனை எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல், "லைன்லயே இருங்க" என்று ஓடினாள். ஏதோ கதவு. "சாவி குடுங்க சிஸ்டர். குடுக்கற வரைக்கும் இங்கயே நிப்பேன்." பிறகு சத்தமில்லை.

"மேடம், வீடியோவுல வாங்க."

எஃகுத் தட்டில் நாலைந்து பிளாஸ்டிக் டப்பாக்கள். எதிலும் பெயர் இல்லை. ஒவ்வொன்றிலும் தண்ணீருக்குள் ஒரு சிரிப்பு.

"இதுல அப்பாவோடது எது மேடம்?"

அவள் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. போனை அண்ணனிடம் நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டவன், பிறகு வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "இதுவா... இல்ல, இது மஞ்சளா இருக்கே." அவன் குரல் இறங்கிவிட்டது. "அம்மாகிட்ட காட்டு."

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் அம்மா. "விளக்கை அணைச்சப்புறம்தான் கழட்டுவார். நான் முழிக்கறதுக்குள்ள மாட்டிக்குவார். கட்டினவளுக்கே காட்டல, அழுத்தக்கார மனுஷன்."

"எல்லாத்தையும் எடுத்துட்டு வரட்டா மேடம்? வெச்சுப் பாத்தா..."

"மத்ததுக்கெல்லாம் ஆளு உயிரோட இருக்காங்கல்ல?"

"இருக்காங்க மேடம்."

"அப்ப அவங்களையே கேளு. அவங்கவங்களுக்கு மாட்டிவிட்டு மிச்சம் இருக்கறதைக் கொண்டா."

சவ வண்டிக்காரர் அப்பாவின் தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"ரெண்டு பேர் அவங்களோடதைக் காட்டிட்டாங்க மேடம். மத்தவங்களுக்கு மூச்சுக்கு டியூப் போட்டிருக்கு, பேச முடியல. வீட்டாளுங்களைக் கேட்டேன். தெரியலங்கறாங்க. ஏதாவது ஒண்ணை..."

அண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்" என்றாள். "ஒண்ணையும் எடுக்காத. அந்த ரெண்டு பேருக்கும் மாட்டிவிட்டுட்டு வா."

சவ வண்டிக்காரர் முகவாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

வாசலில் தெருக்காரர்களின் பேச்சுக் குரல் கேட்டது. அவள் நாற்காலியை இழுத்து அப்பாவின் தலைமாட்டை ஒட்டி, வாசலுக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா, முகம் தெரியல" என்றார் முதலில் வந்தவர்.

அவள் அசையவில்லை. அண்ணன் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து, இடைவெளி விடாமல் அவளை ஒட்டிப் போட்டான்.