சற்குணத்தின் சங்கிலிகள்

சற்குணம் புது ஜீப் எடுத்த நாளிலிருந்து நோர்வேயின் அம்மருட் அடுக்குமாடிகளின் கீழே அவனுடைய குரல்தான் கேட்டது. நாலு சில்லும் ஒன்றாய் இழுக்கிற வண்டி, பனியோ சேறோ அதற்கு ஒன்றுதான் என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். உதயகுமாரி பல்கனியில் துணி விரித்தபடி அதைக் கேட்பாள். கேட்கக் கேட்க அவளுக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? 2003 மாரியில் ஒரு பிறந்தநாள் விழா முடிந்து, அவளுடைய புருஷன் இளங்கோவும் சற்குணமும் இளங்கோவின் காரில் திரும்பினார்கள். இருவரும் குடித்திருந்தார்கள். கார் சறுக்கிப்போய், பஸ் தரிப்பில் நின்ற ஒரு நோர்வேக் கிழவரின் காலை நசுக்கிவிட்டது. இளங்கோவுக்குத் தலையில் பலத்த அடி. விழாவுக்குப் போனதுகூட அவனுக்கு நினைவில்லை. பொலிஸ் வந்தபோது சற்குணம் அவனை வெளியே இழுத்துப் பனியில் கிடத்தியிருந்தான்.

"இளங்கோதான் காரை ஓடினவன். நான் பக்கத்திலை இருந்தனான்" என்றான்.

ஆஸ்பத்திரியில் இளங்கோவுக்கு உடுப்பு மாற்றும்போதுதான் உதயகுமாரி அதைப் பார்த்தாள். சீற்றுப் பட்டி இறுக்கிய கண்டல், வலது தோளிலிருந்து குறுக்கே இறங்கி ஊதா நிறத்தில் கிடந்தது. நோர்வேயில் ஸ்டியரிங் இடப்பக்கம். ஓட்டுகிறவனுக்குப் பட்டி இடது தோளில் அல்லவா இருக்கும்? அவள் கத்தினாள், அழுதாள். இளங்கோ நம்பவில்லை.

"சற்குணம் பொய் சொல்லுவானே? ஒண்டாப் படிச்ச பெடியன். விடப்பா" என்று சொல்லிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

சிறைக்குப் போனான். லைசென்ஸ் போயிற்று, டக்ஸி ஓட்டிய வேலையும் போயிற்று. வெளியே வந்தபிறகு சனங்களின் முகத்தில் முழிக்க முடியாமல், வடக்கே ஹம்மர்பெஸ்ட்டுக்கு மீன் வேலைக்குப் போய்விட்டான். லீவில் வந்தாலும் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல ஒரு மூலையில் இருப்பான். சற்குணமோ லிப்டில் அவளைக் காணும்போதெல்லாம், "தங்கச்சி, ஏதும் உதவி வேணுமெண்டால் கூச்சப்படாமல் கேளும்" என்பான். அவள் சிரித்துவைப்பாள். உனக்கும் ஒரு நாள் வரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அந்த நாள் 2007 பெப்ரவரியில் வந்தது. சற்குணத்தின் மனைவி யோசெப்பினும் உதயகுமாரியும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. யோசெப்பின் சூதுவாது அறியாதவள். குளிர்கால விடுமுறைக்கு ஹாடெலான்ட் பக்கம் மலையில் ஒரு மரவீடு வாடகைக்கு எடுத்திருக்கிறோம், தனியாக இருக்காமல் வாங்கோ அக்கா என்று விடாமல் நச்சரித்தாள். உதயகுமாரி சம்மதித்தாள்.

சாமான் ஏற்றும்போது யோசெப்பின் ஒரு கனத்த பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜீப்புக்கென்று அவள் வாங்கிய, பனியில் வழுக்காமல் சில்லில் பூட்டும் சங்கிலிகள்.

"உதைக் கொண்டுபோய் வை! நாலு சில்லு இழுக்கிற வண்டிக்கு ஆரும் சங்கிலி பூட்டுவினமே? பாக்கிற சனம் சிரிக்கும்" என்று சற்குணம் சத்தம் போட்டான். அவன் அந்தப் பக்கம் போனதும், யோசெப்பின் பையை உதயகுமாரியின் பழைய காரின் டிக்கிக்குள் வைத்தாள். "உங்களிட்டைக் கிடக்கட்டும் அக்கா. அவருக்குச் சொல்லாதேங்கோ."

மலையில் இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. கடைசி இரவு மழை பெய்தது. விடியமுன் அது உறைந்து, மரவீட்டிலிருந்து இறங்கும் பாதை கண்ணாடித் தகடுபோல ஆயிற்று. மத்தியானம் புறப்படும்போது உதயகுமாரி குந்தியிருந்து தன் காரின் முன் சில்லுகளுக்குத் தன்னுடைய பழைய சங்கிலிகளைப் பூட்டினாள். விரல்கள் விறைத்துப்போயின. சற்குணம் கண்ணாடியை இறக்கி, "மெல்லமா வாரும் தங்கச்சி, நாங்கள் கீழை போய்க் கோப்பி குடிச்சுக்கொண்டிருப்பம்" என்று சொல்லி முன்னால் போனான்.

நாலு சில்லும் இழுப்பது ஏற்றத்துக்கு உதவும். இறக்கத்தில் பிடிக்க வேண்டுமே! முதல் வளைவில் அவன் பிரேக்கை மிதிக்க, அந்தப் பாரத்தோடு ஜீப் தன்பாட்டில் வழுக்கிப்போய், பின்பக்கம் சுழன்று, ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. யோசெப்பினும் மகள் ராகவியும் அலறிக்கொண்டு இறங்கினார்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை. சற்குணம் அக்சிலேற்றரை அமுக்க அமுக்க, சில்லுகள் பனிக்கட்டியைச் சீவின. வண்டி அசையவில்லை.

உதயகுமாரி ஊர்ந்து வந்து, மேலே சற்றுத் தட்டையான இடத்தில் நிறுத்தி இறங்கினாள்.

"இஞ்சேருங்கோ, சங்கிலி உதயா அக்கான்ர காரிலை கிடக்கு" என்றாள் யோசெப்பின்.

சற்குணத்தின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. எடும் தங்கச்சி."

உதயகுமாரி டிக்கியைப் பூட்டி, திறப்பைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். மற்றப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"இளங்கோவுக்கு அடிக்கிறன். அண்டைக்குக் காரை ஓடினது ஆரெண்டு அவருக்குச் சொல்லுங்கோ. சொன்னால் சங்கிலி."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? பிள்ளை குளிரிலை நிக்குது!"

"பிள்ளைக்கு என்ர காரிலை சூடு இருக்கு. உங்களுக்குத்தான் இல்லை. அவற்ர வலது தோளை நான் பாத்தனான், அண்ணை. நானெல்லோ உடுப்பு மாத்தினனான்."

யோசெப்பின் அவளையும் புருஷனையும் மாறிமாறிப் பார்த்தாள். காற்று மரங்களிலிருந்து பனியை உதிர்த்தது. சற்குணம் ஜீப்பைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான். இந்த மலையில் வேறு யார் இருக்கிறார்கள், கேட்டால்தான் என்ன என்று நினைத்திருக்க வேண்டும். உதயகுமாரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மச்சான்… அண்டைக்கு… நான்தான் ஓடினனான். பயத்திலை சொல்லிப்போட்டன். எனக்கு அப்ப விசா கிடைக்கேல்லை, உனக்குத் தெரியுந்தானே."

மறுமுனையில் மீன் தொழிற்சாலை இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. அதற்கு மேலாக இளங்கோ பேசினான்.

"அந்தக் கிழவன்ர முகம் கனவிலை வருமடா. இவ்வளவு காலமும் என்ர கையைப் பாக்கவே எனக்குப் பயம். நீ வந்து எனக்குப் பக்கத்திலை இருந்து ஆறுதல் சொன்னனி."

தொடர்பு அறுந்தது.

"சொல்லிப்போட்டன். இனிச் சங்கிலியை எடும்" என்றான் சற்குணம்.

உதயகுமாரி திறப்பை வெளியே எடுத்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டும் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் யோசெப்பின் ராகவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், உதயகுமாரியின் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கி, புருஷனின் முகத்தைப் பாராமல் சொன்னாள்:

"எடுங்கோ அக்கா காரை. போவம்."

உதயகுமாரிக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. மகிழ்ச்சிதான் அது, வேறொன்றுமில்லை.

"மரவீட்டிலை விறகு கிடக்கு, அண்ணை. ஏறிப் போனால் குளிர் காயலாம்" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்டியரிங்குக்கு முன்னால் அமர்ந்தாள். அவன் பின்னால் கத்திக்கொண்டு இரண்டடி ஓடிவந்து, வழுக்கி, முழங்காலில் விழுந்தான். சங்கிலிகள் பனிக்கட்டியைக் கடித்துக் கரகரக்க, கார் ஜீப்பைத் தாண்டி நிதானமாக இறங்கியது.

"அப்பா வரேல்லையா?" என்று ராகவி கேட்டாள்.

"நடந்து வருவார்" என்றாள் யோசெப்பின்.

மறுநாள் ஒரு விவசாயியின் டிராக்டர்தான் அவனையும் ஜீப்பையும் கீழே கொண்டுவந்தது. அதற்குள் யோசெப்பின் பொலிசுக்குப் போய், தன் காதால் கேட்டதைச் சொல்லிவிட்டிருந்தாள். வழக்கைத் திரும்பவும் கிளறினார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு இளங்கோ வீட்டுக்கு வந்தான். இந்த முறை பயணப் பை முழுவதையும் அவிழ்த்து, உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினான்.

சனம் இரண்டுபட்டுக் கதைத்தது. கோயிலில் ஒரு நாள் அருள்நாயகி மாமி உதயகுமாரியை மறித்தார்.

"அவன் செய்தது பிழைதான் பிள்ளை. அதுக்காக ஒரு மனிசனை அந்தக் குளிரிலை விட்டுட்டு வரலாமே? அவ்வளவு கல் நெஞ்சே உனக்கு?"

"ஓம் மாமி" என்றாள் உதயகுமாரி. நெற்றியில் திருநீற்றை இட்டுக்கொண்டு, வாசலில் காத்துநின்ற இளங்கோவிடம் நடந்தாள்.