யாருக்கு என்று கேட்கக் கூடாது

மலைமேலிருந்து ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் கேட்டு அழைப்பு வந்தால், நோயாளி யார், என்ன ஆச்சு என்று பைலட்டிடம் மூச்சு விடக் கூடாது. இடத்தை மட்டும்தான் சொல்லலாம். குழந்தை என்று கேட்டதும் மனசு இளகி மேகத்துக்குள் புகுந்த ஒருத்தர் மலையில் மோதிச் செத்த பிறகு வந்த சட்டம். வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், இரக்கப்பட்டு அல்ல.

எந்த மகராசன் எழுதினானோ, ரேடியோ அறையில் இருந்தவளுக்கு இன்று அந்தச் சட்டம் முள்ளாகக் குத்தியது. அழைத்தவர் சொன்ன பேர் அவளுக்குத் தெரிந்த பேர். இந்த அறைக்கே வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போன பெண்.

"மேலூருக்குப் போக முடியுமாண்ணே?"

பைலட் ஜன்னலருகே நின்று பார்த்தார். மலைக்கு இடுப்புக்கு மேல் மேகம் தவிர ஒன்றுமே இல்லை. கண்ணுக்கு வழி தெரிந்தால்தான் கிளம்பலாம் என்பது விதி.

"முடியாதும்மா. போனா எங்களையும் சேர்த்துத் தேடணும்."

"இன்னொரு தடவை பாருங்கண்ணே."

"என்னம்மா புதுசா கெஞ்சுற? சட்டம் தெரியாதா உனக்கு?"

அவள் அழைத்தவரை மறுபடி கூப்பிட்டாள். ஜீப்பில் இறக்கிக் கொண்டுவரச் சொன்னாள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

மதியம் மேகம் கலைந்து வெயில் அடித்தது. பைலட் டீ டம்ளரோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"யாரோ, பாவம். என் தங்கச்சி அங்கதானே இருக்கா, இங்ககூட வந்துட்டுப் போனாளே, அவளைக் கேட்டா யாருன்னு தெரிஞ்சிடும்" என்று போனைக் காதில் வைத்தார்.